கம்பெனிக் கால் இளைத்த கதை

நாற்பதைத் தாண்டி, கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் கேட்க ஆசையான கேள்வி ஒன்று உண்டு. ‘இளைச்சிட்டீங்களா?’

போன வாரத்துக்கு முந்தின வாரம் அதை என்னிடம் ஒருவர் கேட்டே விட்டார். கேட்டவர் ஒரு ஜெர்மன்காரம்மா. கேட்ட இடம் எங்கள் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூம். கேட்கும்போது அவர் தரையில் மண்டியிட்டு என் வலது பாதத்தைக் கையில் பிடித்திருந்தார்.

“யெஸ், தேங்க் யூ” என்றேன். கொஞ்சம் வெட்கத்தோடு.

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் சம்பத் சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்லாவில் கை வைத்தவளைப் பார்க்கிற பார்வை. அப்போதுதான் உறைத்தது. அது பாராட்டு இல்லை. கம்ப்ளெயின்ட்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் இங்கே உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நான், மற்ற நாட்களில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுவது. அவர்கள் கேட்டதற்காக உள்ளூர்க்காரர்களின் உயிரை வாங்குவது. அது சம்பளத்துக்கு. பெருமைக்கு என்னிடம் வேறொன்று இருந்தது. என் வலது கால்.

ஷூ ஒன்றை உருவாக்குவது ஒரு பிளாஸ்டிக் கால் அச்சின் மேல். தொழிலில் அதற்கு லாஸ்ட் என்று பெயர். லாஸ்ட் நல்ல பிள்ளை. எவ்வளவு இறுக்கினாலும் வலிக்கிறது என்று சொல்லாது. சொல்வதற்கு உயிருள்ள கால் ஒன்று வேண்டும். புது டிசைனை அந்தக் கால் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கும். எங்கே கடிக்கிறது, எங்கே கழல்கிறது என்று சொல்லும். அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கில் தோலை வெட்டுவார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பெண்களின் கால்களை எல்லாம் அளந்து பார்த்து, சைஸ் முப்பத்தேழுக்கு என் காலே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து சாம்பிள் ரூமில் அதற்குப் பெயர் ‘கம்பெனிக் கால்’.

உடம்பில் மற்றதெல்லாம் எக்ஸ்ட்ரா லார்ஜ். பாதம் மட்டும் ஸ்டாண்டர்டு. அந்த ஒரு இடத்திலாவது நான் அளவோடு இருந்தேன். எங்கோ ஐரோப்பாவில், மழை நனைத்த கல் தெருவில், பெயர் தெரியாத ஒருத்தி குதிகால் கடிக்காமல் வேலைக்குப் போகிறாள் என்றால் – அந்தக் கடியை இங்கே நான் முன்கூட்டியே பட்டு வைத்துவிட்டேன் என்று அர்த்தம். இத்தனை வருஷம் எழுதியும் நான் யாருக்கும் இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு டயட் எதற்கு?

எல்லாம் இந்தப் பத்தியின் தலைமாட்டில் இருக்கும் என் பழைய போட்டோவால் வந்தது. காவேரிப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விழா. பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் மாலையோடு நின்ற வாசகி ஒருவர் என்னைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடமே கேட்டார்: “ரைட்டர் வரலீங்களா? நீங்க அவங்க அக்காவா?”

அன்று ராத்திரியே ஒரு டயட் குரூப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

கோச் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும். காலை, மதியம், இரவு என்று வாய்ஸ் நோட் வரும் – சாப்பாடு வராத மூன்று வேளைக்கும். அரிசி கூடாது. சர்க்கரை கூடாது. இட்லி கூடாது; அது குளித்துவிட்டு வந்த அரிசி. மதியம் வரைக்கும் எதுவுமே கூடாது. அப்புறம் வெள்ளரிக்காய். முட்டையில் வெள்ளை. ஊற வைத்த சியா விதை... ஏரி ஓரத்தில் தவளை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒன்று.

பசிக்கிறது என்று குரூப்பில் போட்டால் உடனே பதில் வரும்.

“அது பசி இல்ல மேம், தாகம். தண்ணி குடிங்க.”

குடித்தேன். இன்னும் பசிக்கிறது என்று போட்டேன்.

“அது பசி இல்ல மேம், போர் அடிக்குது. ஒரு வாக் போங்க.”

போனேன். பசியும் கூடவே வந்தது.

“பல் விளக்குங்க மேம். வாய் ஃப்ரெஷ்ஷா இருந்தா சாப்பிடத் தோணாது.”

காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் வாஷ்பேசினில் பல் விளக்கும் நடுவயதுப் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பார்த்தது. தினமும் பார்த்தது.

கடைசி அஸ்திரம் இது: “பசி ஒரு ஃபீலிங்தான் மேம். அத அப்படியே கவனிச்சுப் பாருங்க. கடந்து போய்டும்.”

கவனித்தேன். பத்து மணிக்குப் பசி ஒரு பூனை. கணுக்காலில் உரசிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்காரும். பதினொன்றுக்கு அது சொல்லாமல் வந்த சொந்தக்காரர். பன்னிரண்டுக்கு உள்ளே வந்து, ஃபேனைப் போட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நான் சின்ன வயதில் வேண்டாம் என்று ஒதுக்கிய சோற்றை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கடந்து போகுமாம். பாலாறும்தான் எங்கள் ஊரைக் கடந்து போகிறது என்கிறார்கள். எனக்குத் தெரிந்து வெறும் மணலாக அங்கேயேதான் கிடக்கிறது.

ஒரு மதியம் காற்று திரும்பி, தோல் பதனிடும் ஷெட்டின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிற வாடை. எனக்கு ஆட்டுக்கால் பாயா ஞாபகம் வந்தது. ஆட்டுத்தோல்தானே... ஆடுதானே... பயந்துபோய்ப் பல் விளக்க ஓடினேன்.

இந்த ஊரில் டயட் இருப்பது, ஏரிக்குள் நின்றுகொண்டு தலை துவட்டுவது. ரோட்டின் இரண்டு பக்கமும் பிரியாணி அண்டா. மூடி திறக்கிற நேரத்துக்குத்தான் நமக்கும் வங்கியில் வேலை வரும். ஒரு நாள் முடியவில்லை. நேராகப் போய் நின்றேன்.

“பாய், பிரியாணி வேணாம். கூட குடுக்கற கத்திரிக்காய் மட்டும் குடுங்க.”

அவர் கரண்டியை வைத்துவிட்டார். “கத்திரிக்கா சும்மா குடுக்கறது மேடம். அத மட்டும் எப்டி விக்கறது?”

“டயட்ல இருக்கேன் பாய்.”

மேலும் கீழும் பார்த்தார். ஒரு கவரில் கத்திரிக்காயைக் கட்டிக் கொடுத்தார். நான் திரும்பியதும் பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நல்லா இருந்தவங்க.”

வீட்டுக்காரர் அந்தோணி, பள்ளிகொண்டாவில் கணக்கு வாத்தியார். “உனக்கு சப்போர்ட்டா நானும் ராத்திரிக்குக் கம்மியா சாப்பிடறேன்” என்றார். பாசம் என்று நினைத்தேன். வரும் வழியில் ஹைவேயில் பரோட்டாவை முடித்துவிட்டு வருகிறார் என்று அவர் சட்டைதான் சொன்னது. சால்னா பொய் சொல்லாது.

ஆனால் தராசு இறங்கியது. நிஜமாகவே இறங்கியது. அதுதான் கொடுமை... இறங்கியும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தோணி உற்றுப் பார்த்துவிட்டு, “கண்ணாடி மாத்தினியா?” என்றார். எதிர்வீட்டு லலிதா, “சுகர் செக் பண்ணீங்களாக்கா?” என்றாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?” என்றார். நம் பக்கத்தில் ஒருவர் மெலிந்தால் மூன்றே காரணம்தான். சர்க்கரை, கடன், மருமகள்.

சரியாகக் கவனித்தது ஒரு ஷூ.

கறுப்பு நிறம், கொஞ்சம் ஹீல். முதல் சாம்பிளைப் போட்டு நடந்தேன், குதிகால் கழன்றது. “லூஸ்” என்றேன்.

தோலை எந்த அளவில் வெட்டுவது என்று வரைந்து கொடுக்கும் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் இலியாஸ் பாய் நம்பவில்லை. “அதே லாஸ்ட், அதே தோலு, அதே பேட்டர்ன். எப்டி மேடம் லூஸாவும்? பேஜாரா கீதே.”

தோல்மேல் பழி விழுந்தது. சம்பத் சார் சப்ளையருக்குப் போன் போட்டு, “உன் தோலு இன்னாய்யா ஜவ்வு மாதிரி இழுக்குது?” என்று கத்தினார். பாய் பேட்டர்னைச் சுருக்கி இரண்டாவது சாம்பிள் போட்டார். அது வருவதற்குள் நான் இன்னும் கொஞ்சம் இளைத்துவிட்டிருந்தேன். அதுவும் லூஸ். மறுபடி சுருக்கினார். ஷூ என் காலைத் துரத்திக்கொண்டே வந்தது. கால் பிடி கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. தோலைத் திட்டினார்கள், பசையைத் திட்டினார்கள், ஹீல் செய்தவரைத் திட்டினார்கள். காலைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எடை குறைந்தால் வயிறுதானே குறையும்?

மூன்றாவது சாம்பிள் என் காலிலேயே முளைத்ததுபோல் உட்கார்ந்தது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் எங்களிடம் ஷூ வாங்குகிற பையர் கம்பெனியின் டெக்னீஷியன் வந்து இறங்கினார். மேலே சொன்ன ஜெர்மன்காரம்மா. அவருக்கும் சைஸ் முப்பத்தேழு. ஷூவை எடுத்துத் தன் காலில் நுழைத்தார். விரல் உள்ளே போயிற்று. குதிகால் வெளியிலேயே நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மண்டியிட்டார். என் பாதத்தின் மேடு இருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார்.

“யூ லாஸ்ட் வெயிட்?”

யெஸ், தேங்க் யூ.

யோசித்துப் பாருங்கள். ஒரு தேசத்துப் பெண்களின் கால்களை எல்லாம் நாங்கள் என் வெள்ளரிக்காய்க்குத் தக்கபடி வெட்டப் பார்த்திருக்கிறோம். வயிறு? அது வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. நான் கொடுத்தது ஒன்று, போனது ஒன்று.

அந்தம்மா ரூமை விட்டுப் போனதும் சம்பத் சார் ஆரம்பித்தார்.

“ஏன் மேடம், கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லல?”

“இன்னான்னு சார் சொல்றது?”

“இளைக்கப் போறேன்னு.”

“அதுக்கு எச்.ஆர்ல லெட்டர் குடுக்கணுமா சார்?”

“உங்க உடம்பப் பத்தி எனக்கு இன்னா மேடம். அது உங்க இஷ்டம். காலு கம்பெனிது.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் குரலை இறக்கினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தம்மா இருப்பாங்க. அதுக்குள்ள பழைய கால் வேணும். இல்லன்னா... வேற கால் பாக்கணும்.”

வேற கால். சாதாரண வார்த்தைதான். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. முகம் போய்விட்டது – அக்காவா என்று கேட்டுவிட்டார்கள். இப்போது காலும் போகிறதா?

மறுநாள் பதினொரு மணிக்கு, நான் பிரஷ்ஷை எடுக்கிற நேரத்தில், என் மேஜைமேல் ஒரு பிரியாணி பாக்ஸ். கொண்டுவந்து வைத்தது சம்பத் சார்தான். அவர் கையாலேயே. மதியம் வந்து, “சாப்ட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் – மெயில் போட்டாச்சா, பார்சல் போய்ட்டுதா, ஏன் லேட்டு. சாப்ட்டீங்களா இதுதான் முதல் தடவை. பாக்ஸைத் திறந்து வேறு பார்த்தார். “இன்னா மேடம், பீஸ அப்டியே வெச்சிருக்கீங்க.”

உண்மை என்ன தெரியுமா? என்னால் சாப்பிட முடியவில்லை. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இரண்டு மாதம் வாசலிலேயே கிடந்த பசி, வா என்று கூப்பிட்டதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விரட்டுவதற்குத்தான் கோச் வழி சொல்லியிருந்தாள். கூப்பிடுவதற்கு அவளிடம் வாய்ஸ் நோட் இல்லை.

“மேம், ஃபுட் போட்டோ அனுப்பவே இல்ல. சீட் டேவா? டயட்ட மீறிட்டீங்களா?” என்று குரூப்பில் கேட்டாள்.

“இல்லம்மா. ஆபீஸ் டூட்டி” என்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை இலியாஸ் பாய் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், “கம்மியாதான் கீது மேடம்” என்றார்.

அப்புறம் ஸ்டிச்சிங் ஹாலுக்குப் போய், முப்பத்தேழு சைஸ் கால் உள்ளவர்களைக் கூட்டி வரும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். தன் சீட்டுக்குத் தானே ஆள் தேடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சிக்கியவள் செல்வி. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். அவள் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே ஒரு மிஷின் தள்ளிச் சுற்றிப் போவார். பாயின் முதல் சாம்பிளை – என் காலில் கழன்ற அதே ஷூவை – மாட்டிக்கொண்டு வராந்தாவில் போய் வந்தாள். கழலவில்லை, கடிக்கவில்லை. ஜெர்மன்காரம்மா முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. பாய் முகத்தில் அதைவிட. அவர் பேட்டர்ன் பிழைத்துக்கொண்டது.

செல்வி ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “இன்னா மேடம், உங்க காலுக்கு இன்னா ஆச்சு?”

“டயட் இருந்தேன்.”

“டயட்டுன்னா?”

“காலைல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. மதியம் கொஞ்சம். ராத்திரி ரொம்பக் கம்மி.”

“இதுக்குக் காசு வேற கட்டினீங்களா?”

தலையாட்டினேன்.

“எங்க லைன்ல மொத்தப் பேரும் அதாம் மேடம் இருக்கோம். விடியறதுக்குள்ள பஸ்ஸு. புள்ளைங்களுக்குப் பொங்கி வெச்சிட்டு ஓடியாறதுக்கே நேரம் பத்தல. மதியம் பெல் அடிச்சாதான் சோறு. எங்களுக்கு யாரும் போன்ல மெசேஜ் அனுப்பறதில்ல.”

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பத் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கவலை வேறு.

“இன்னாது, காலைல சாப்டறதில்லயா நீ?”

“எங்க சார் டைமு?”

அவர் என் காலைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். ஒரு கால் சாப்பிடாமல் கைவிட்டுப் போன துக்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. “அப்ப... காலைல ட்ரையல் வெச்சா?”

செல்வி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த ஷூவைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்ணில் ஏதோ ஒன்று தையல் ஊசி மாதிரி மின்னியதை நான் பார்த்தேன்.

“ஆமா சார்” என்றாள். “பசிச்சா எனக்குக் காலு சுருங்கிடும்.”

இலியாஸ் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து, கையிலேயே இருந்த டேப்பைத் தரையில் தேட ஆரம்பித்தார்.

சம்பத் சார் அங்கேயே கேன்டீனுக்குப் போன் போட்டார். நாளையிலிருந்து செல்விக்குக் காலை டிபன். நாலு இட்லி.

“வடையும் சொல்லிடுங்க சார்” என்றாள் செல்வி. “இல்லன்னா குதிகால் நிக்காது.”

வடையும் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் பெல் அடித்ததும் சாம்பிள் ரூம் வாசலில் கூட்டம். ஸ்டிச்சிங் லைன் பெண்கள். “மேடம், எனக்கும் சுருங்குது.” “எனக்குக் காலைல ஒரு சைஸு, சாயங்காலம் ஒரு சைஸு மேடம்.” “எனக்கு ரெண்டு காலும்.” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் யாரும் உடனே போகவில்லை. சம்பத் சார் வந்து, “ஒரு சைஸுக்கு ஒரு கால் போதும், எல்லாரும் லைனுக்குப் போங்க” என்று கலைத்தார். அத்தனை வயிறு இருக்கிற கம்பெனியில் இன்றைக்கு ஒரே ஒரு பசிக்கு மட்டும்தான் நாலு இட்லி, வடை என்று ஸ்பெசிஃபிகேஷன் இருக்கிறது. பசியை நிர்வகிப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது. என் கோச்சுக்கு இன்னும் தெரியாது.

இப்போது காலையில் சாம்பிள் ரூம் மூலையில் உட்கார்ந்து செல்வி சாப்பிடுகிறாள். கணக்கு வழக்கு இல்லாத நிதானத்தோடு. இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, ஒரு கணம் பார்த்துவிட்டு வாயில் போடுகிறாள். வடை உடைகிற சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்கிறது. நான் வெள்ளரிக்காய் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு மெயில் அடிக்கிறேன். காணாமல் போன பசி திரும்பி வந்துவிட்டது. இனி எனக்கு யாரும் பாக்ஸ் வாங்கித் தர மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு வந்திருக்கிறது. அதற்கு அப்படியொரு குணம்.

நேற்று முடியவில்லை. எழுந்து போய் நின்றேன்.

“செல்வி, ஒரு இட்லி குடேன்.”

தட்டை மடியின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். மேலே கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“வேணாம் மேடம். உங்க காலு திரும்பி வந்துட்டா?”

“ஒரே ஒரு இட்லிதான்.”

“நீங்க டயட்லயே இருங்க மேடம். நல்லா இளைச்சிருக்கீங்க.”

இரண்டு மாதப் பட்டினியில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. என் டயட்டை முழு மனதோடு ஆதரிக்கிற ஒரே ஆளும் அவள்தான்.